பழைய ஜீப் பிக்கப்புக்கு முன் டிஸ்க் பிரேக்: எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது

பாலக்கோட்டிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அப்பா வாங்கி ஓட்டிய 1988 மாடல் மகிந்திரா ஜீப் பிக்கப். டீசல், டூ வீல் டிரைவ், முன்னும் பின்னும் கமான் பட்டை, நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், அதாவது சக்கரத்தோடு சுழலும் கிண்ணத்தை உள்ளிருந்து ஷூ அழுத்திப் பிடிப்பது. தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டு சேலம் போகும்போது தொப்பூர் இறக்கத்தில் பெடல் அடிவரை போய்விடுகிறது, இரண்டு மூன்று முறை பம்ப் அடித்தால்தான் வண்டி கட்டுக்குள் வருகிறது. முன்பக்கம் டிஸ்க் பிரேக் (சக்கரத்தோடு சுழலும் தட்டை இரண்டு பக்கமும் பேட் கவ்விப் பிடிப்பது) மாற்ற ஒரு பட்டறையில் 60,000 ரூபாய் கேட்டார்களாம். இன்னொருவர் காயலான் கடைக் காலிப்பரை (பேடைத் தள்ளும் கவ்வி) வெல்டிங் வைத்து 10,000 ரூபாயில் முடித்துத் தருகிறேன் என்றாராம். குறைந்த செலவில் இதை ஒழுங்காகச் செய்ய வழி உண்டா என்பது அவர் கேள்வி.

கேள்வியில் டிஸ்க் என்ற சொல் இருந்தாலும், அவர் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன். லோடோடு தொப்பூர் இறங்கும்போது இந்த வண்டியை நம்பலாமா, அந்த நம்பிக்கைக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு செலவு செய்ய வேண்டும் என்பதுதான் அது. அதற்குப் பதில் சொன்னால் டிஸ்க் விஷயம் தானாக வந்துவிடும். நான் தர்மபுரி ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்து, முப்பது வருடத்துக்கு மேலாகப் பட்டறையில் இருக்கிறேன். ஜீப் வகை வண்டிகள்தான் என் கைக்கு அதிகம் வந்தவை. டிஸ்க் மாற்றியும் கொடுத்திருக்கிறேன், மாற்ற வேண்டாம் என்று சொல்லித் திருப்பியும் அனுப்பியிருக்கிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை எடுத்துவிடுவோம். டிஸ்க் போட்டால் வண்டி சட்டென்று நிற்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரே ஒரு முறை ஓங்கி மிதிக்கும்போது வண்டி எத்தனை அடியில் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது டயரும் ரோடும். சக்கரத்தை இறுக்கி நிறுத்தும் அளவுக்கு டிரம்முக்கே பலம் உண்டு. சொல்லப்போனால் சுழலும் டிரம் ஷூவைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய் இன்னும் அழுத்தும், அதனால் டிரம்முக்கு கால் பலம் குறைவாகவே போதும். டிஸ்க்கின் அருமை வேறு இடங்களில் தெரியும். நீண்ட இறக்கத்தில் திரும்பத் திரும்ப மிதிக்கும்போதும், மழைத் தண்ணீரில் இறங்கி ஏறிய பிறகும், மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்காமல் நேராகப் போவதிலும் டிரம் அதனிடம் போட்டி போட முடியாது.

காரணம் வெப்பம். வண்டியும் லோடும் சேர்ந்து 2 டன் என்று வையுங்கள். அது 100 மீட்டர் உயரம் இறங்கினாலே, ஆறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவுக்குச் சூடு உண்டாகும். கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் அத்தனையும் நான்கு டிரம்முக்குள் போகும். டிரம் சூடானால் விரியும், அதாவது ஷூவை விட்டு விலகும். விலகின தூரத்தை பெடல்தான் ஈடுகட்ட வேண்டும், அதனால் பெடல் கீழே போகிறது. போதாக்குறைக்கு, ஷூவின் மேல் ஒட்டிய லைனர் வெந்துபோனால் அதன் பிடிப்பும் குறையும். டிஸ்க் சூடானால் பேடை நோக்கித்தான் தடிக்கும், பெடல் அவ்வளவு இறங்காது. இரண்டு பக்கமும் காற்றுப் படுவதால் சீக்கிரம் ஆறியும் விடும். தொப்பூரில் உங்களுக்கு நடப்பதில் ஒரு பகுதி நிச்சயம் இதுதான்.

ஒரு பகுதி என்று சொல்லக் காரணம் இருக்கிறது. பம்ப் அடித்தால் பிரேக் வருகிறது என்ற அடையாளம் மூன்று நோய்களுக்குப் பொது. டிரம் விரிந்திருக்கலாம், ஷூ அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது பழைய பிரேக் ஆயில் சூட்டில் கொதித்துக் குழாய்க்குள் ஆவியாகியிருக்கலாம். கடைசியில் சொன்னதை யாரும் யோசிப்பதில்லை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் பொருள். டாட் 3 என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிதான். டாட் 4-க்கு இந்தக் கணக்கு 230-ம் 155-ம். பல வருடம் மாற்றாத ஆயிலோடு தொப்பூரில் இறங்கினால், டிஸ்க் இருந்தாலும் பெடல் அடிக்குப் போகும். காலிப்பரில் பேடின் முதுகை ஒட்டியே பிஸ்டன் இருப்பதால் ஆயில் இன்னும் வேகமாகச் சூடேறவும் கூடும்.

அதனால் முதல் வேலையாக நான்கு டிரம்மையும் கழற்றிப் பாருங்கள். உள்விட்டத்தை அளந்தால், கடைசல் எடுக்கலாமா, எடுத்தால் அனுமதித்த அளவைத் தாண்டுமா என்பது தெரிந்துவிடும். பலமுறை லேத்தில் ஏறிய டிரம் மெலிந்து, சீக்கிரம் சூடாகி, அதிகமாக விரியும். ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் தூசி ரப்பரைத் தூக்கிப் பாருங்கள், உள்ளே ஈரமாக இருந்தால் அதன் ரப்பர் கப் போய்விட்டது. சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பின் சீல் கசிந்து லைனரில் கிரீஸ் ஏறியிருந்தால் வண்டி எதிர்ப் பக்கம் இழுக்கும். இத்தனையையும் சரிசெய்து, ஷூவை டிரம்மின் வளைவுக்கு ஒத்து உட்கார வைத்து, புது ஆயில் ஊற்றி, லைனில் தங்கிய காற்றை வெளியேற்றி ஏர் எடுத்தால், என்னிடம் டிஸ்க் கேட்டு வந்தவர்களில் பாதிப் பேர் அதோடு திருப்தியாகப் போய்விட்டார்கள். பாலக்கோடு, ராயக்கோட்டை மார்க்கெட்டோடு உங்கள் ஓட்டம் முடிந்துவிடும் என்றால் நானும் அங்கேயே நிறுத்தச் சொல்வேன். நீங்கள் வழக்கமாகச் சேலம் இறங்குகிறீர்கள். அதனால் மேலே பேசுவோம்.

டிஸ்க்குக்கு முன்னால் ஒரு செலவு இருக்கிறது. கையில் இருக்கும் பணம் ஒரே ஒரு வேலைக்குத்தான் போதும் என்றால் டிஸ்க்கை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள் என்பேன். பல பழைய ஜீப் வகை வண்டிகளில், பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை. நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன். ஒரு ஓஸ் (ரப்பர் குழாய்) வெடித்தால், ஒரு வீல் சிலிண்டர் கப் கிழிந்தால், நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். ரெட்டை அறை உள்ள டேண்டம் மாஸ்டர் சிலிண்டரில் முன்பக்கத்துக்கு ஒரு லைன், பின்பக்கத்துக்கு ஒரு லைன். ஒன்று போனாலும் மற்றது பாதி பிரேக்காவது தரும். அமெரிக்காவில் 1960களின் இறுதியிலேயே எல்லாக் கார்களுக்கும் இது வந்துவிட்டது. உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். ஒரே டப்பா, ஒரே பைப் வெளியே போனால் ஒற்றை அறை. இதை மாற்றாமல் முன்னால் புத்தம் புது டிஸ்க் போட்டுக் கொடுப்பவர் யாராக இருந்தாலும், அவர் வண்டியின் தோற்றத்துக்கு வேலை செய்கிறார் என்றுதான் சொல்வேன்.

சரி, டிஸ்க்குக்கு வருவோம். குறைந்த செலவில் முடிக்கும் வழி உலகம் முழுவதும் ஒன்றுதான்: அதே குடும்பத்தில் பின்னால் பிறந்த வண்டியின் ஜாமான்களைத் தேடுவது. அமெரிக்காவில் செவர்லே பிக்கப்புகளுக்கு 1971-இல்தான் முன் டிஸ்க் எல்லா வண்டியிலும் வந்தது. அங்கே 1960களின் பிக்கப் வைத்திருப்பவர்கள் அந்த 1971, 72 வண்டிகளின் ஜாமான்களைத்தான் தேடிப் போகிறார்கள். நமக்கு அந்தத் தம்பி மகிந்திரா போலேரோ. ஜீப் காலத்திலிருந்து வரும் ஐந்து ஸ்டட் (சக்கரத்தை மாட்டும் போல்ட்) வட்டம் அதிலும் அதேதான், ஐந்தரை அங்குலம், அதாவது 139.7 மி.மீ. ஐந்து ஸ்டட் சக்கரத்தில் நேர் எதிரே ஸ்டட் இல்லாததால் இந்த வட்டத்தை அளக்கத் தடுமாறுவார்கள். பக்கத்துப் பக்கத்து இரண்டு ஸ்டட்டின் மையத்துக்கு மையம் அளந்து பாருங்கள். 82 மி.மீ. வந்தால் அது 139.7 வட்டம். மாருதி ஜிப்ஸிக்கும் அதே வட்டம்தான். ஆனால் அது லேசான பெட்ரோல் வண்டி, லோடு பிக்கப்புக்கு அதன் காலிப்பரை நான் வைக்க மாட்டேன்.

ஸ்டட் வட்டம் ஒத்துப்போனால் எல்லாம் ஒத்துப்போகும் என்று அர்த்தமில்லை. உங்கள் வண்டியைப் பார்க்காமல் நான் உறுதி சொல்ல முடியாத இடம் இதுதான், மாடலுக்கு மாடல் இங்கே வேறுபடும். ஹப்புக்குள் இருக்கும் உள் பேரிங், வெளி பேரிங் இரண்டின் நம்பரையும் துடைத்துப் படியுங்கள். டிஸ்க்கோடு வரும் பழைய ஹப்பின் பேரிங் நம்பரும் ஹப்பைத் தாங்கும் உங்கள் ஸ்டப் ஆக்சிலின் பேரிங் நம்பரும் ஒன்றாக இருந்தால் பாதி வேலை முடிந்தது, ஹப்பையே மாற்றிக்கொள்ளலாம். ஒத்துவராவிட்டால் உங்கள் ஹப்பையே வைத்துக்கொண்டு, டிரம்மைப் பிரித்துவிட்டு, டிஸ்க்கை லேத்தில் ஏற்றி ஹப்புக்குப் பொருத்தமாகக் கடைந்து ஸ்டட்டில் மாட்டுவது இரண்டாவது வழி. என் அனுபவத்தில் இதுதான் அதிகம் நடக்கும் வழி, மலிவும்கூட. பழைய டிரம்முகளில் ஸ்டட்டின் கழுத்தை அடித்து விரித்து ஹப்போடு சேர்த்திருப்பார்கள். சுத்தியலால் அடித்து எடுத்தால் ஹப் கோணும், அந்த விரிப்பை லேத்தில் சீவிவிட்டுத்தான் ஸ்டட்டைத் தள்ள வேண்டும். டிஸ்க்கின் நடு ஓட்டை ஹப்பின் மேட்டில் ஆட்டமில்லாமல் இறுக உட்கார வேண்டும், ஸ்டட்டை மட்டும் நம்பி மையம் பிடிக்கக் கூடாது. மாட்டிய பிறகு டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பாருங்கள், ஆட்டம் 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் பெடல் காலை உதைக்கும், பேடும் சீராகத் தேயாது. டிஸ்க்கின் தடிமன் ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வருவதால் ஸ்டட் குறைந்து போகும். நட்டு இறுகிய பிறகு ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளமாவது மரை பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் நீள ஸ்டட் போடுங்கள்.

அடுத்தது பிராக்கெட். அந்தப் பத்தாயிரம் ரூபாய் வேலையில் எனக்குப் பயம் தருவது இதுதான். காலிப்பரை ஆக்சிலோடு பிடித்து வைக்கும் இரும்புத் தகடு எவ்வளவு விசை தாங்குகிறது என்று ஒரு கணக்குப் போடுவோம். டயரின் ஆரம் ஏறக்குறைய 36 செ.மீ. பேட் டிஸ்க்கைப் பிடிக்கும் இடம் மையத்திலிருந்து சுமார் 12 செ.மீ. ரோடு டயரை 500 கிலோ விசையோடு பின்னுக்குத் தள்ளினால், காலிப்பரில் அது மூன்று மடங்காகி 1,500 கிலோவாக நிற்கும். ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் இந்த அடி விழும். நக்கிளில் (ஸ்டியரிங்கோடு திரும்பி, சக்கரத்தைத் தாங்கும் பாகம்) நேரடியாக வைத்த வெல்டிங் இதை எத்தனை ஆயிரம் முறை தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படி வெல்டிங் வைத்த ஒரு வண்டி என் பட்டறைக்கு வந்தது. எங்கே செய்தது என்பது இங்கே தேவையில்லை. வெல்டிங்கின் ஓரத்தில் தலைமுடி போல ஒரு விரிசல். பெயிண்ட்டைச் சுரண்டிய பிறகுதான் கண்ணுக்கே தெரிந்தது. அதை ஓட்டி வந்தவர் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு ஒகேனக்கல் இறக்கத்தில் போய்வந்திருக்கிறார். அவரிடம் விரிசலைக் காட்டியபோது அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

பிராக்கெட் ஒரே தகட்டில் வெட்டியதாக இருக்க வேண்டும், என் கணக்குக்கு 12 மி.மீ.க்குக் குறையக் கூடாது. டிரம் ஷூவைத் தாங்கும் பழைய பேக் பிளேட் மாட்டியிருந்த அதே ஓட்டைகளில், அத்தனை போல்ட்டும் போட்டு மாட்ட வேண்டும். போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று எண் இருக்க வேண்டும், எண் இல்லாத போல்ட் கதவுக்குப் போதும், பிரேக்குக்கு ஆகாது. முதலில் அட்டையில் வெட்டி, வண்டியில் வைத்துப் பார்த்து, காலிப்பர் டிஸ்க்குக்கு நேர் நடுவில் உட்காருகிறதா என்று சரிபார்த்த பிறகு இரும்பை வெட்டக் கொடுங்கள். ஓசூர் பக்கம் கம்பெனிகளுக்கு வேலை செய்யும் சின்ன மெஷின் ஷாப்புகள் நிறைய உண்டு. சரியான வரைபடம் கொடுத்தால் இரண்டு பிராக்கெட்டை அச்சுப் பிசகாமல் செய்து தருவார்கள், செலவும் அதிகமாகாது. அந்த வரைபடத்துக்காக ஒரு நாள் போனாலும் பரவாயில்லை. பிறகு சக்கரத்தை மாட்டிக் கையால் சுற்றிப் பாருங்கள். ரிம்முக்கும் காலிப்பருக்கும் இடையே 3 மி.மீ.யாவது இடைவெளி தெரிய வேண்டும். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுவதும் ஒடித்து, ஜாக்கியில் தூக்கி ஆக்சிலைத் தொங்கவிட்டு, பிரேக் ஓஸ் எங்கேயும் இழுபடவில்லை, உரசவில்லை என்று பாருங்கள்.

காலிப்பர் மாட்டும்போது ஒரு சின்ன விஷயத்தில் நிறையப் பேர் நாள் கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். ஏர் எடுக்கும் நிப்பிள் மேலே இருக்க வேண்டும். இடது காலிப்பரை வலதில் மாட்டினாலும் உட்காரும், ஆனால் நிப்பிள் கீழே போய்விடும். காற்று மேலேயே தங்கும், எத்தனை பாட்டில் ஆயில் ஊற்றினாலும் பெடல் பஞ்சு மாதிரியே இருக்கும்.

இனி ஹைட்ராலிக் பக்கம். இங்கே என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் முதன்முதலில் செய்த டிஸ்க் வேலையில் டிரம் வண்டியின் மாஸ்டர் சிலிண்டரையே வைத்துவிட்டேன். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரின் வாயில் ஒரு சின்ன செக் வால்வு இருக்கும். காலை எடுத்த பிறகும் லைனில் சுமார் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தை அது பிடித்து வைத்திருக்கும். வீல் சிலிண்டர் கப் சுருங்கிக் காற்றை உள்ளே விடாமல் இருக்க அது தேவை. டிஸ்க்கில் அதே அழுத்தம் இருந்தால் பேட் டிஸ்க்கை விடவே விடாது. அந்த வண்டி சோதனை ஓட்டத்தில் பத்து கிலோமீட்டர் போவதற்குள் இரண்டு முன் சக்கரமும் கையை வைக்க முடியாத அளவுக்குக் கொதித்துவிட்டது. பேரிங் கிரீஸ் உருகி ஓடியது. வண்டிக்காரருக்குப் புது பேரிங், புது பேட் என் செலவில் போட்டுக் கொடுத்தேன். அதிலிருந்து நான் வைத்திருக்கும் விதி இது: காலிப்பர் எந்த வண்டியுடையதோ, மாஸ்டர் சிலிண்டரும், கால் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டரும் அதே வண்டியுடையதாக இருக்க வேண்டும். காலிப்பர் பிஸ்டன் பெரியது, அதைத் தள்ள அதிக ஆயில் வேண்டும். அதற்கு ஏற்ற விட்டம் கொண்ட மாஸ்டர் சிலிண்டரை அந்தக் கம்பெனியே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. நாம் அந்தக் கணக்கை மறுபடி போட வேண்டியதில்லை.

உங்கள் வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் காலடிப் பலகைக்குக் கீழே இருந்தால் இன்னொரு சிக்கல் வரும். காலிப்பரைவிட அது தாழ்வாக இருப்பதால், வண்டி நிற்கும்போது ஆயில் மெதுவாகத் திரும்பி வடிந்து பிஸ்டன் பின்வாங்கும், முதல் மிதியில் பெடல் ஆழமாகப் போகும். அப்போது டிஸ்க் லைனில் 2 பி.எஸ்.ஐ. வால்வு ஒன்று தனியாக வேண்டும். அந்த வால்வைத் தேடி அலைவதைவிட, தொங்கும் பெடலையும் பூஸ்டரையும் இன்ஜின் பக்கத் தடுப்புச் சுவரில் ஏற்றிவிடுவது எனக்குப் பிடித்த வழி. ஆயில் டப்பா காலிப்பரைவிட உயரத்துக்கு வந்துவிடும், அளவு பார்க்கவும் வசதி. அந்தச் சுவர்த் தகடு மெல்லியது. மிதித்தால் சுவரே வளையும். பின்னால் ஒரு தடித்த பிளேட் வைத்துத்தான் மாட்ட வேண்டும்.

பூஸ்டர் இல்லாமல் டிஸ்க் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், ஆனால் லோடு வண்டியில் உங்கள் கால் வலிக்கும், அவசரத்தில் போதாது. டிரம் தன்னைத் தானே இழுத்துக்கொள்ளும் என்றேனே, டிஸ்க்குக்கு அந்தக் குணம் கிடையாது. பெட்ரோல் வண்டியில் பூஸ்டருக்கு வேண்டிய வேக்கம் (காற்றை உறிஞ்சும் இழுப்பு) இன்ஜினிலேயே கிடைக்கும். பழைய டீசலில் கிடைக்காது, வேக்கம் பம்ப் வேண்டும். பின்பக்கம் பம்ப் சேர்ந்தே வரும் ஆல்டர்நேட்டர் ஒன்றைத் தேடிப் போட்டால் வேலை முடிந்தது, அந்தப் பம்புக்கு இன்ஜின் ஆயில் போக ஒரு லைனும் திரும்பி வர ஒரு லைனும் கொடுக்க மறக்காதீர்கள். பூஸ்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சுலபமான வழி உண்டு. இன்ஜினை நிறுத்திப் பெடலை ஐந்தாறு முறை மிதித்து, அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்குக் கீழே லேசாக இறங்கினால் நன்றாக இருக்கிறது. இதோடு சேர்த்து ஒன்று: டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு உருளவிடும் பழக்கம் இருந்தால், பூஸ்டர் போட்ட வண்டியில் அதை அடியோடு விட்டுவிடுங்கள். சேமித்த வேக்கம் சில மிதியோடு தீர்ந்துவிடும், அப்புறம் பெடல் கல்லாகிவிடும்.

குழாயில் செம்பு வேண்டாம். வளைக்கச் சுலபம் என்று செம்புக் குழாய் போட்டுத் தருகிறார்கள். அதிர்வில் அது இறுகி முறியும். பிரேக்குக்கென்று வரும் ஸ்டீல் குழாய், நுனியை இரட்டை மடிப்பாக விரித்தது, அதுதான் சரி.

முன்னால் டிஸ்க் வந்த பிறகு பின்னால் என்ன ஆகும் என்பதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். டிஸ்க்குக்காக லைனில் அழுத்தம் கூடும். அதே அழுத்தம் பின் டிரம்முக்கும் போகும். பிக்கப் காலியாக வரும்போது பின்பக்கத்தில் எடையே இருக்காது, பின் சக்கரம் முதலில் இறுகி வால் ஒரு பக்கம் வீசும். மழையில் ராயக்கோட்டை ரோட்டில் இது நடந்தால் வண்டி குறுக்கே நிற்கும். இதற்கு, லோடுக்கு ஏற்ப பின் பிரேக் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. புது பிக்கப்புகளின் பின் ஆக்சிலிலிருந்து ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ சேசிஸ் மேலே இருக்கும் வால்வுக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான். அதைக் கம்பியோடு சேர்த்து எடுத்துப் போடுங்கள். எந்த நீளத்தில் செட் செய்வது என்பதை எழுத்தில் சொல்ல முடியாது, உங்கள் பட்டையின் உயரத்தைப் பொறுத்தது. ஆளில்லாத மண் மைதானத்தில், காலி வண்டியோடு 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓங்கி மிதித்து, தரையில் எந்தச் சக்கரம் முதலில் கோடு போடுகிறது என்று ஒருவரை வெளியே நிற்க வைத்துப் பாருங்கள். முன் சக்கரம் முதலில் இறுக வேண்டும். பின் சக்கரம் முந்தினால் வால்வைத் திருத்திவிட்டு மறுபடி பாருங்கள். லோடு ஏற்றியும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்போது பணம். ஹப், காலிப்பரின் உடல், பெடல் செட், பூஸ்டர் பிராக்கெட், லோடு வால்வு இவற்றைப் பழைய கடையில் வாங்கலாம். பெங்களூர் ஜே.சி. ரோடு நமக்குப் பக்கம், கோவை உக்கடம், சென்னை புதுப்பேட்டை எல்லாம் உண்டு. பழைய காலிப்பர் வாங்கினால் பிஸ்டனை வெளியே தள்ளிப் பாருங்கள். மேலே துருப் புள்ளி இருந்தால் வேண்டாம். சுத்தமாக இருந்தால் புது ரப்பர் கிட் போட்டு, நழுவும் பின்களுக்கு அதற்கான கிரீஸ் தடவி எடுத்துக்கொள்ளலாம். பழைய டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், அதற்கு மேல் இருந்தால் மட்டும் எடுங்கள். மாஸ்டர் சிலிண்டர், ஓஸ், பேட், சீல், ஆயில் இந்த ஐந்தும் புதிதாகத்தான் வாங்க வேண்டும், தெரிந்த கம்பெனி பெயரில், பில்லோடு. ஆயில் டாட் 4, சீல் பிரிக்காத டப்பா. அவசரத்துக்கு யாராவது இன்ஜின் ஆயில், கியர் ஆயில் ஊற்றியிருந்தால் ரப்பர் எல்லாம் ஊதிப் போயிருக்கும், அப்படியானால் லைன் முழுவதும் கழுவி எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டும். இந்த முறையில் போனால் உங்களிடம் கேட்ட 60,000 ரூபாயில் பாதிக்குப் பக்கத்தில் முடிக்க முடியும் என்பது என் மதிப்பு. வேக்கம் பம்பும் பூஸ்டரும் ஏற்கனவே உங்கள் வண்டியில் இருந்தால் இன்னும் குறையும். பத்தாயிரத்தில் முடியாது. அப்படிச் சொல்பவர் மேலே சொன்ன ஐந்தில் எதையோ விட்டுவிடுகிறார்.

எஃப்.சி. என்ற தகுதிச் சான்று பற்றியும் கேட்க வாய்ப்பு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி முதலில் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. ஆர்.சி.யில் பிரேக் வகைக்கென்று தனி இடம் கிடையாது. ஆனாலும் எஃப்.சி. பார்க்கும் ஆய்வாளர் முடிவுதான் நடைமுறையில் செல்லும் என்பதால், வேலையைத் தொடங்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் கேட்டு, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். நான் வக்கீல் இல்லை, இதில் என் சொல்லை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹேண்ட் பிரேக் தனியாக வேலை செய்ய வேண்டும் என்பது விதி, அதில் சந்தேகமே இல்லை. மாற்றும்போது அதன் கேபிளைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள்.

வேலை முடிந்ததும் நேராகத் தொப்பூருக்குப் போகாதீர்கள். காலி ரோட்டில் 50-லிருந்து 10 வரை நிதானமாகக் குறைப்பதை, முழுதாக நிறுத்தாமல், நடுவில் ஆறவிட்டு, ஒரு பத்து முறை செய்யுங்கள். பேட் டிஸ்க்கோடு படியும். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு பிராக்கெட் போல்ட், சக்கர நட்டு, எல்லா பைப் முனைகளையும் ஸ்பானர் போட்டுப் பாருங்கள். அப்புறம் லோடு இல்லாமல் ஒருமுறை தொப்பூர் இறங்கி, கீழே பாதுகாப்பாக ஒதுங்கி நின்று, சக்கரத்தைத் தொடாமல் கையை அருகில் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள். இரண்டு முன் சக்கரமும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால் அந்தப் பக்கக் காலிப்பர் நழுவவில்லை அல்லது ஓஸ் உள்ளே அடைத்திருக்கிறது. டிஸ்க் போட்ட பிறகும், மேலேயே வேகத்தைக் குறைத்து, ஏறுவதற்கு எந்தக் கியர் போடுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

மாஸ்டர் சிலிண்டர் இருக்கும் இடம், முன் ஹப் பேரிங் இரண்டின் நம்பர், பேக் பிளேட் போல்ட் ஓட்டைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும் இந்த மூன்றையும் அளந்து படத்தோடு இங்கேயே போடுங்கள். ஹப்பை மாற்றுவதா, டிஸ்க்கைக் கடைவதா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரைக்கும் அந்த ஆயிலை மட்டும் இந்த வாரமே மாற்றிவிடுங்கள், அது மாறாமல் லோடோடு தொப்பூர் இறங்க வேண்டாம்.